ரிப்பன் கட்டிய ஜெனரேட்டர்

ஆகஸ்டு 6, ஞாயிறு

புன்னைத்திட்டு வைரக்கண்ணு ஆகிய நான் எழுதுவது. காலையில் காப்பி குடித்துவிட்டு உட்கார்ந்தேன். இந்த வரிக்கு வருவதற்குள் அஞ்சம்மாள் சோறு வடித்துவிட்டாள்.

எழுபது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றவன் நான். பள்ளிக்கூடத்தில் நடந்த சாயங்கால வகுப்புக்குத் தவறாமல் போனேன். வகுப்பு முடிந்த அன்று, "சும்மா இருந்தா மறந்துடும், அன்னன்னைக்கு நடந்தத நாலு வரி எழுதுங்க" என்று டீச்சர் பெண் சொல்லிவிட்டுப் போனாள். தேங்காய் மண்டியில் மட்டை உரித்த கை இது. கடப்பாரையைப் பிடிக்கிற பிடியில் பிடித்ததால் இரண்டு பேனா உடைந்துவிட்டது. இப்போது எழுதுவது மூன்றாவது பேனா. இதைக் கோழிக்குஞ்சு மாதிரி பிடித்திருக்கிறேன்.

இன்று படித்தவை: பிஸ்கட் பொட்டலம், பஸ்ஸின் முன்பக்கம், பஸ்ஸின் பின்பக்கம், அஞ்சம்மாளின் மருந்துக்கு நர்சம்மா தமிழில் எழுதிக் கொடுத்த சீட்டு. சீட்டை மட்டும் இரண்டு தடவை படித்தேன்.

ஆகஸ்டு 8, செவ்வாய்

மதியம் போன கரண்ட் பொழுது சாய்ந்துதான் வந்தது.

அஞ்சம்மாள் என் மனைவி. அவளுக்கு மூச்சிழுப்பு உண்டு. திருப்பூரில் இருக்கும் மகள் ஒரு மிஷின் வாங்கி அனுப்பியிருக்கிறாள். அதில் மருந்தை ஊற்றி, முகத்தில் மூடியை வைத்து, சுவிட்சைப் போட்டால் மருந்து புகையாக வரும். எங்கள் பக்கத்தில் இதைப் புகை வைப்பது என்பார்கள். புகை வைத்தால் கொஞ்ச நேரத்தில் மூச்சு சீராகிவிடும். ஆனால் அதற்குக் கரண்ட் வேண்டும்.

இன்று அவளுக்கு இழுப்பு வரவில்லை. நான் சும்மா மிஷினைத் துடைத்து வைத்தேன். பிறகு மறுபடியும் துடைத்தேன்.

"தேச்சுத் தேச்சு அதுல ஓட்ட போட்றாதீங்க. வேல இல்லன்னா அந்தக் கோழிக்கூட்டக் கழுவுங்க, ஒரு வாரமா நாறிக்கிட்டுக் கெடக்கு" என்றாள்.

அவ்வளவும் ஒரே மூச்சில் சொன்னாள். சந்தோஷமாகக் கோழிக்கூட்டைக் கழுவினேன்.

ஆகஸ்டு 13, ஞாயிறு

ஊராட்சித் தலைவர் மதியழகி வீட்டுக்கு வந்தது. எனக்கு மருமகள் முறை.

"மாமா, நம்ம ஊராட்சிக்குப் பேரிடர் முன்னேற்பாட்டு நிதின்னு வந்துருக்கு. புயல் மழையில கரண்ட் இல்லாம ஊரு தவிக்குதுல்ல, அதுக்கு. என்ன வாங்கணும்னு கிராம சபையில தீர்மானம் போடணும். செவ்வாக்கெழம வந்துருங்க."

"என்ன வாங்கப் போற?"

"எனக்கு ஜெனரேட்டர் வாங்கணும். துணைத் தலைவரு கோயில் முக்குல உசரமா ஹைமாஸ் லைட்டு போடணுங்குறாரு."

"கரண்ட் போனா அந்த லைட்டு எரியுமா?"

"அதத்தான் நீங்க கூட்டத்துல கேக்கணும். நான் கேட்டா சண்டையாப் போயிரும்."

துணைத் தலைவர் ராஜமாணிக்கம் நல்ல மனிதர். மாரியம்மன் கோயில் தேர்க் கமிட்டியிலும் அவர்தான் தலைவர். அவர் எது செய்தாலும் அது தூரத்திலிருந்து தெரிய வேண்டும்.

மதியழகி போனதும் அஞ்சம்மாள் பிடித்துக்கொண்டாள். "கூட்டத்துல என் இழுப்பப் பத்தி வாயத் தொறந்தீங்க, பாத்துக்குங்க. ஒருத்தி மூச்சு விடறதுக்கு ஊரே மிஷினு வாங்குச்சுன்னு பேசுவாளுவ. எனக்கு மானக்கேடு."

என் தலையில் என் கையையே வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

ஆகஸ்டு 15, செவ்வாய்

கிராம சபை. மை தடவும் பெட்டியை என் பக்கம் நகர்த்தினார் செயலர். அதை அவர் பக்கமே நகர்த்திவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். பின்னால் நின்றவர்கள் பொறுமையாக இருந்தார்கள். பாதிப் பேர் உட்கார்ந்துவிட்டார்கள்.

ராஜமாணிக்கம் முதலில் பேசினார். "ஜெனரேட்டர் கொட்டாயிக்குள்ள கெடக்கும். அது இருக்குறது ஒரு பயலுக்கும் தெரியாது. ஹைமாஸ் லைட்டு போட்டா கடக்கரையிலேர்ந்து தெரியும்."

"கரண்ட் போனா அது தெரியுமா தம்பி?" என்று கேட்டேன்.

"கரண்ட் போனா எதுண்ணே தெரியும்?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அது தப்பு. சிரித்ததும் பேச வந்தது மறந்துவிட்டது. அப்புறம் மெதுவாக நினைவு வந்தது.

"போன புயலுக்கு மோட்டார் ஓடாம டேங்க் காஞ்சு கெடந்துச்சு. பொம்பளைவொ எல்லாம் கொடத்தத் தூக்கிக்கிட்டு உப்புத் தண்ணிக் கெணத்துக்கு நடந்துச்சுவொ. ஜெனரேட்டர் இருந்தா அது வேண்டாமுல்ல?"

பெண்கள் பக்கத்திலிருந்து "ஆமா! ஆமா!" என்று சத்தம் வந்தது. டேங்க் ஆபரேட்டர் பக்கிரிசாமியும் எழுந்து, "ஜெனரேட்டர் மட்டும் குடுங்க, கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள டேங்க ரொப்பிக் காட்டுறேன்" என்றான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குத்தான் போதவில்லை. போன் சார்ஜ் போடலாம் என்றேன். பாலைக் கெடாமல் வைக்கலாம் என்றேன். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள், குஞ்சு பொரிக்கிற பெட்டி எல்லாவற்றையும் சொன்னேன். "இன்னும் முக்கியமா ஒன்னு இருக்கு" என்றேன். பெண்கள் நடுவிலிருந்து அஞ்சம்மாள் என்னைப் பார்த்தாள்.

"சொல்லுங்கண்ணே" என்றார் ராஜமாணிக்கம்.

"மறந்துபோச்சு தம்பி."

கை தூக்கச் சொன்னார்கள். ஜெனரேட்டர் ஜெயித்தது. சமுதாயக் கூடத்துக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டு அதை வைப்பது, கூடத்து அறையில் நிறைய பிளக் வைப்பது என்றும் தீர்மானம் ஆயிற்று.

"சரி, ஊரு சொன்னா சரி. ஆனா தெறப்பு விழாவ நாந்தான் நடத்துவேன். ஒன்றியச் சேர்மன அழச்சிட்டு வர்றது என் பொறுப்பு" என்றார் ராஜமாணிக்கம். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

செப்டம்பர் 3, ஞாயிறு

இன்று எழுத ஒன்றுமில்லை. அஞ்சம்மாள் நன்றாகத் திட்டினாள்.

செப்டம்பர் 27, புதன்

வந்துவிட்டது! லாரியில் வந்தது. பச்சை நிறம், கன்றுக்குட்டி உயரம். கொட்டகையில் இறக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்தார்கள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும் என்றார் ராஜமாணிக்கம். இதற்குச் சக்கரம் இல்லை. காலுக்கு வைத்தார்கள்.

பிறகு அகலமான ரோஸ் ரிப்பனை அதைச் சுற்றிக் கட்டினார். சேர்மன் வந்து வெட்டுகிற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. சுவரில் கல் பதித்தாகிவிட்டது. கல்லை முழுவதும் படித்தேன். சேர்மன் பெயர், தலைவர் பெயர், துணைத் தலைவர் பெயர், அக்டோபர் 2. அஞ்சம்மாளுக்கும் படித்துக் காட்டினேன்.

"எல்லாரு பேரும் இருக்கு. மிஷினு பேரு எங்க?" என்று கேட்டாள்.

அக்டோபர் 2, திங்கள்

சேர்மன் வரவில்லை. அவர் சம்பந்தி வீட்டில் காதுகுத்து. பந்தலைப் பிரித்தார்கள். ஆக்கிய கேசரி வீணாகக் கூடாது என்று எல்லோருக்கும் கொடுத்தார்கள். இரண்டு தடவை வாங்கினேன்.

அக்டோபர் 18, புதன்

இரண்டாவது தேதியும் தள்ளிப் போனது. கல்லில் இருந்த தேதியைக் கொத்தனார் செதுக்கி எடுத்துவிட்டார். அந்த இடம் இப்போது குழியாக இருக்கிறது. "தேதி முடிவானதுக்கு அப்பறம் கூப்புடுங்க, சும்மா சும்மா கொத்துனா கல்லு தாங்காது" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

ஜெனரேட்டர் மேல் ஒரு கோழி முட்டை போட்டிருக்கிறது. எங்கள் கோழி இல்லை.

நவம்பர் 9, வியாழன்

மழை விடாமல் பெய்கிறது. நேற்று விடியற்காலை கரண்ட் போயிற்று. அஞ்சம்மாளுக்குக் கொஞ்சம் இழுப்பு. ஆட்டோ பிடித்து டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் புகை வைத்துக்கொண்டு வந்தோம். அவளுக்கு ஆட்டோவில் போகப் பிடிக்கும். வழியில் கடை போர்டுகளை எல்லாம் நான் சத்தமாகப் படித்துக்கொண்டே போனேன். வேறு எதையும் நினைக்கக் கூடாதல்லவா.

போகும்போது அவள் ஒன்றும் சொல்லவில்லை. வரும்போது, "போதும், நிறுத்துங்க. ஆட்டோக்காரரு நம்மளப் பைத்தியம்னு நெனைக்கிறாரு" என்றாள். அப்போதுதான் நிறுத்தினேன்.

இன்று ராஜமாணிக்கத்தைப் பார்த்தேன். "தம்பி, அத ஒரு தடவ ஓட்டிப் பாத்தா என்ன?"

"என்னண்ணே இப்படிக் கேக்குறீங்க? தாலி கட்டுறதுக்கு முன்னாடி பொண்ண மாப்ள வீட்டுக்கு அனுப்புவாங்களா? சேர்மன் மனசு கோணிச்சுன்னா அடுத்த நிதி நம்ம ஊருக்கு வராது. தெருவுல தண்ணி நிக்குது பாருங்க, வடிகாலுக்கு அவருகிட்டதான் மனு குடுத்துருக்கோம்."

தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றது. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது.

"எதுக்குண்ணே இப்ப அவசரம்?" என்று கேட்டார்.

சத்தியம் செய்திருக்கிறேனே. "டேங்கு தண்ணிக்கு" என்றேன். மேலேயிருந்து மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவர் வானத்தைப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

நவம்பர் 20, திங்கள்

புயல் சின்னமாம். ரேடியோவில் சொல்கிறார்கள். கோழிகளை அடுக்களையில் கட்டினேன். மருந்து நிறைய இருக்கிறது. மிஷின் சுத்தமாக இருக்கிறது.

நவம்பர் 21, செவ்வாய்

காற்று. எழுத முடியவில்லை.

நவம்பர் 22, புதன்

இன்று நடந்ததை முழுவதும் எழுதாமல் படுக்கப் போவதில்லை. நோட்டு தீர்ந்தாலும் பரவாயில்லை.

காற்று விடியும்போது நின்றது. கரண்ட் நேற்றே போய்விட்டது. டவுனுக்குப் போகிற ரோட்டில் வரிசையாகப் புளியமரங்கள் விழுந்து கிடப்பதாகச் சொன்னார்கள். ஆட்டோ போகாது. நடந்துகூடப் போக முடியாது.

அஞ்சம்மாளுக்கு இழுப்பு வந்துவிட்டது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தோள்பட்டை ஏறி ஏறி இறங்கியது. எனக்குப் பயமில்லை. காப்பியைக் கொட்டிவிட்டேன், அது வயது. அவள் திட்டவில்லை.

அப்புறம் அவளே மிஷினைக் காட்டினாள். பிறகு வாசலைக் காட்டினாள். "கூடத்துக்கு" என்றாள்.

பக்கிரிசாமி மொபெட்டில் போய்க்கொண்டிருந்தான். அவளைப் பின்னால் உட்கார வைத்தோம். மிஷினை மடியில் வைத்து அணைத்துக்கொண்டாள். நான் பக்கத்திலேயே தண்ணீரில் ஓடினேன். இந்த வயதில் இவ்வளவு நன்றாக ஓடுவேன் என்று எனக்கே தெரியாது.

சமுதாயக் கூடத்தில் ஏற்கெனவே சண்டை நடந்துகொண்டிருந்தது. பெண்கள் வெறும் குடங்களோடு நின்றார்கள். மதியழகி கொட்டகை வாசலில் நின்றது. ராஜமாணிக்கம் ஜெனரேட்டருக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். அவர் வீட்டு ஓடு பறந்துவிட்டதாம். அதை விட்டுவிட்டு ராத்திரியிலிருந்து இதன் மேல் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். உடம்பெல்லாம் ஈரம். ரிப்பன் மட்டும் நனையவில்லை.

"நான் தலைவர் சொல்றேன், ஓட்டுங்க" என்றது மதியழகி.

"ஓட்டு தாயி. நாளைக்கு வடிகாலுக்கு நிதி இல்லன்னு சேர்மன் சொன்னா, ஊருக்கு நீ பதில் சொல்லு. நான் வேண்டாங்கல."

மதியழகி தெருவில் நின்ற தண்ணீரைப் பார்த்தது. பெண்கள் கத்தினார்கள். இரண்டு பக்கமும் கத்தினார்கள்.

அஞ்சம்மாள் மொபெட்டிலிருந்து இறங்கினாள். கூட்டத்துக்கு நடுவே போனாள். தன் மிஷினை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஜெனரேட்டர் மேடையின் மேல் வைத்தாள். யாருக்கும் தெரியக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியவள் அவள்தான். கத்திக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அவள் மூச்சு எல்லோருக்கும் கேட்டது.

"ராஜமாணிக்கம்" என்றாள்.

"என்னக்கா? ஐயய்யோ, என்னக்கா இது?"

"போன வருசம்... புதுத் தேரு... செஞ்சீங்கல்ல..."

"ஆமாக்கா."

"நேரா... சாமிய... ஏத்திட்டீங்களா?"

"அது எப்படிக்கா? வெள்ளோட்டம் விட்டுத்தான ஏத்துனோம்? சக்கரம் சுத்துதா, அச்சு தாங்குதா, எந்த முக்குல இடிக்கிதுன்னு பாக்க வேண்டாமா? வெறுந் தேர இழுத்துப் பாத்துட்டுத்தான் சாமிய..."

பேசிக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார். அஞ்சம்மாள் ஜெனரேட்டரைக் காட்டினாள்.

"இதுக்கு?" என்றாள்.

ராஜமாணிக்கம் ஜெனரேட்டரைப் பார்த்தார். தேர்க் கமிட்டித் தலைவர் அவர். வெள்ளோட்டம் விடாமல் எதையும் ஓட்டலாம் என்று அவர் வாயால் எப்படிச் சொல்வார்?

"வெள்ளோட்டத்துக்கு ரிப்பன் வெட்டுறது இல்லதான்" என்றார் மெதுவாக.

"சாமி ஏறுற வரைக்கும் ஓடுறது வெள்ளோட்டம். சேர்மன் வர்ற வரைக்கும் ஓடுறதும் வெள்ளோட்டம்!" என்று கத்தினான் பக்கிரிசாமி.

"ஆனா ரிப்பன் அறுபடக் கூடாது!" என்றார் ராஜமாணிக்கம்.

பக்கிரிசாமி குனிந்து பார்த்தான். டீசல் டேங்க் காலி. ஜெனரேட்டர் வாங்க நிதி வந்தது, ரிப்பன் வாங்கினோம், கல் வாங்கினோம், டீசல் வாங்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

"தேருக்கு வடம் புடிக்க வீட்டுக்கு ஒரு ஆளு வர்றோமுல்ல? அதுமாரி டீசல் வண்டி வச்சிருக்குறவங்க எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் கொண்டாங்க" என்றது மதியழகி. முதலில் ஓடியவர் ராஜமாணிக்கம். தன் டிராக்டரிலிருந்து குழாய் போட்டு உறிஞ்சி எடுத்து வந்தார். வாயெல்லாம் டீசல் நாற்றம், துப்பிக்கொண்டே வந்தார்.

சுவிட்ச் இருக்கிற கதவு ரிப்பனுக்குப் பின்னால் இருந்தது. ராஜமாணிக்கம் இரண்டு கையாலும் ரிப்பனை அலுங்காமல் தூக்கிப் பிடித்தார். பக்கிரிசாமி அடியில் கையை விட்டு அழுத்தினான். இரண்டு தடவை இருமியது. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று வகுப்பில் சொல்லித்தரவில்லை.

அறையில் அஞ்சம்மாளுக்குப் புகை வைத்தேன். மூடியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். புகை வந்தது. தோள்பட்டை மெல்ல மெல்ல இறங்கியது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரில் படிக்க ஒன்றுமே எழுதியிருக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் கீழத்தெரு தனபாக்கியம் சேலைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்தது. அதே மாதிரி மிஷின். "எங்க பேரனுக்குக்கா. நேத்திலேர்ந்து இழுக்குது" என்றது. அதற்குப் பின்னால் இன்னொருவர் வந்தார். அவருக்கே இழுப்பாம். பொங்கலிலிருந்து மிஷின் வைத்திருக்கிறாராம், பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாதாம். அதற்கும் பின்னால் ஒரு பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தது.

அஞ்சம்மாள் மூடியைக் கழற்றினாள். "ஏண்டி தனபாக்கியம், இத்தன நாளு ஒரு வார்த்த சொன்னியாடி?"

"நீங்க சொன்னீங்களாக்கா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் வெளியே வந்தேன். கண்ணில் டீசல் புகை பட்டுவிட்டது.

நவம்பர் 23, வியாழன்

வெள்ளோட்டம் இரண்டாம் நாள். டீசலை மிச்சம் பிடிக்க வேண்டும் என்று மதியழகி ஜெனரேட்டரை நிறுத்தி நிறுத்தி ஓட்டச் சொன்னது. அது ஓடும்போது எல்லா வேலையும் நடந்துவிட வேண்டும். மோட்டார் ஓடும், குழாயடியில் குடங்கள் வரிசை. மேசையில் போன்கள். அறையில் புகை வைப்பவர்கள். ஒவ்வொரு தடவை கிளப்பும்போதும் ரிப்பனைத் தூக்கிப் பிடிப்பது ராஜமாணிக்கம்.

எனக்கும் வேலை கொடுத்தார்கள். யார் போன் எது என்று மாறிவிடாமல் இருக்க, பெயரைச் சீட்டில் எழுதி ஒட்ட வேண்டும்.

"முத்துலெட்சுமின்னு எழுதணுமா பெரியப்பா? மு போட்டா போதுமே, வரிச நீளுது" என்றது ஒரு பெண்.

"ஒங்கப்பன் முழுப் பேரா வச்சிருக்கான், நான் ஏன் பாதி எழுதணும்?" என்றேன்.

வரிசை நீண்டது. யாரும் போகவில்லை. தங்கள் பெயரை நான் எழுதுவதைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நவம்பர் 25, சனி

இப்போதெல்லாம் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. ஜெனரேட்டர் சத்தம் கேட்டதும் அவரவர் இடத்துக்கு அவரவர் போய்விடுகிறார்கள். நேற்று பாதி சவரத்தில் ஒருவர் போனோடு வந்து நின்றார். நாய்களும் வந்துவிடுகின்றன. அவற்றுக்கு ஒரு வேலையும் இல்லை.

அஞ்சம்மாள் புகை அறைக்கு அதிகாரி ஆகிவிட்டாள். யார் முதலில், யார் பிறகு என்று அவள்தான் சொல்கிறாள். உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "ஏன், எழுத வேலயில்லயா ஒங்களுக்கு? போங்க, அங்க வரிச வாசலத் தாண்டிருச்சு, நீங்க பேனாவக் கையில வச்சிக்கிட்டு இங்க வந்து வேடிக்க பாக்குறீங்க" என்றாள். வாசல் வரைக்கும் கேட்டது.

நவம்பர் 27, திங்கள்

கரண்ட் வந்துவிட்டது. எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஆனால் சாயங்காலம் பார்த்தால் பாதி ஊர் வேலை எதுவும் இல்லாமல் சமுதாயக் கூடத்தில் வந்து நின்றுகொண்டிருந்தது.

ராஜமாணிக்கம் ஜெனரேட்டரை ஷாம்பு போட்டுக் கழுவினார். ரோஸ் ரிப்பன் கறுத்துவிட்டது, புது ரிப்பன் கட்டினார். சேர்மன் வருகிற தேதியும் முடிவாகிவிட்டது. "யாரும் வாயத் தொறக்கப்படாது. இது இன்னம் ஓடவே இல்ல, சரியா?" என்று தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார்.

டிசம்பர் 10, ஞாயிறு

சேர்மன் வந்தே விட்டார். பந்தல், மைக், கேசரி. கொத்தனார் குழிக்குள்ளேயே தேதியைக் கொத்தியிருந்தார்.

சேர்மன் நல்ல உயரம், கணீரென்ற குரல். ரிப்பன் வெட்டுவதற்கு முன்னால் பேசினார். ஊரே அடக்கமாக உட்கார்ந்திருந்தது. "இந்த ஜெனரேட்டர் இன்றுதான் முதன்முதலாக ஓடப் போகிறது" என்றார். எல்லோரும் மிகவும் பலமாகக் கை தட்டினோம். "இனி இந்த ஊரில் மின்சாரம் நின்றாலும்" என்று ஆரம்பித்தார். மின்சாரம் நின்றது. மைக் செத்தது.

பக்கிரிசாமி ஒரே ஓட்டமாகப் போய் ரிப்பனுக்கு அடியில் கையை விட்டான். சத்தம் கிளம்பியது.

அவ்வளவுதான். ஊர் எழுந்தது. பெண்கள் குழாயடிக்குப் போனார்கள். குடங்கள் எங்கிருந்து வந்தன என்று தெரியவில்லை. தனபாக்கியம் பேரனைத் தூக்கிக்கொண்டு அறைக்குப் போனது. அஞ்சம்மாளுக்கு இன்று இழுப்பே இல்லை, ஆனாலும் மேற்பார்வைக்குப் போனாள். போன்காரர்கள் மேசைக்கு வந்தார்கள். நானும் பேனாவை எடுத்துக்கொண்டு என் நாற்காலிக்குப் போய்விட்டேன். மேடையில் சேர்மன் மட்டும் நின்றார். எதிரே வெறும் நாற்காலிகள்.

அவர் திரும்பி ஜெனரேட்டரைப் பார்த்தார். அதன் முன்னால் ராஜமாணிக்கம் இரண்டு கையாலும் ரிப்பனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கே தெரியாமல் போய் நின்றிருக்கிறார்.

"என்னய்யா பண்றீங்க?" என்றார் சேர்மன்.

ராஜமாணிக்கம் தன் கையைப் பார்த்தார். "அது வந்துங்கய்யா..."

மதியழகி முன்னால் வந்தது. "வெள்ளோட்டம் விட்டோங்கய்யா. புயலுக்கு. கரண்ட் வர்ற வரைக்கும் விட்டோம். மன்னிச்சுக்குங்க. வடிகால மட்டும் நிறுத்திடாதீங்க."

சேர்மன் குழாயடி வரிசையைப் பார்த்தார். அறைக்குள் எட்டிப் பார்த்தார். அங்கே ஒரு குழந்தை மூடியை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்துக் கையாட்டியது. அவர் எங்கள் பக்கம் திரும்பினார்.

"எங்க ஊர்லயும் ஒன்னு வாங்கி வச்சிருக்காங்க. தெறந்து ரெண்டு வருசம் ஆவுது. கரண்ட் போனா அதக் கெளப்பத் தெரிஞ்ச ஆளக் காணும்" என்றார். பிறகு சிரித்தார். பெரிய சிரிப்பு. "கத்திரிக்கோலக் குடுங்கய்யா."

ஓடிக்கொண்டிருக்கிற ஜெனரேட்டரில், ராஜமாணிக்கத்தின் இரண்டு கைக்கும் நடுவில் ரிப்பனை வெட்டினார். யாரும் கை தட்டவில்லை. எல்லோர் கையிலும் ஏதாவது இருந்தது.

பிறகு நேராக என் மேசைக்கு வந்தார். "பெரியவரே, என் போனும் செத்துப்போச்சு. கொஞ்சம் போட்டு வைங்க."

"பேர் என்னங்கய்யா?" என்றேன். எல்லோருக்கும் ஒரே மாதிரிதானே கேட்க வேண்டும்.

ராஜமாணிக்கம் தலையில் கை வைத்துக்கொண்டார். சேர்மன் வாயைத் திறப்பதற்குள் அறை ஜன்னலிலிருந்து அஞ்சம்மாள் குரல் வந்தது.

"ஏங்க, அந்த ஐயாவுக்கு முன்னாடி நாலு பேரு நிக்கிறாங்க, அதுல கைப்புள்ளக்காரி வேற ஒருத்தி நிக்கிறா, அவங்களுக்கெல்லாம் எழுதிக் குடுத்துட்டு அப்பறமா அவருக்கு எழுதுங்க, வரிசன்னா எல்லாருக்கும் ஒரே வரிசதான்!"

நடுவில் எங்கேயும் நிற்கவில்லை. மூச்சு வாங்கவே இல்லை. நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அதைக் கேட்டேன்.

சேர்மன் போய் வரிசையில் நின்றார். அவர் முறை வந்ததும் பெயரைச் சொன்னார். அப்பா பெயர், பட்டப் பெயர் எல்லாம் சேர்த்து நீளமான பெயர். நான் முழுவதும் எழுதினேன். அவசரப்படவில்லை.